பெயர் வெட்டிய பாத்திரம்: தென்சென்னை இல்லங்களில் பழம்பொருள் மறுஆக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பயன்பாட்டிலிருந்து விலகிய வீட்டுப்பொருள்களைக் கைவேலையால் அலங்காரப் பொருளாகவும் நினைவுப்பொருளாகவும் மாற்றும் வழக்கம் இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பரவலாகக் காணப்படுகிறது. இது அண்மைக்கால இரசனை மாற்றத்தின் விளைவு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்வழக்கத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வீட்டுமரபு உண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. பட்டுடுத்திய இரவி வர்மா அச்சுப்படங்கள், நவராத்திரிக் கொலு, பித்தளையும் பட்டும் பண்டமாற்றில் வெளியேறிய காலம், தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறிய காலம் ஆகியவற்றின் வழியே அம்மரபின் மாற்றங்களை ஆராய்கிறது. பழைய மறுஆக்கம் பொருளின் உடைமை வரலாற்றைப் பேணியது. சந்தைவழி மறுஆக்கம் அதனைத் துண்டிக்கிறது. பாத்திரங்களில் வெட்டப்பட்ட பெயர்களுக்கு நேரும் கதியே இதற்குத் தெளிவான சான்று என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பழம்பொருள், மறுஆக்கம், கொலு, மரப்பாச்சி, பெயர் வெட்டுதல், பித்தளை, எவர்சில்வர், மயிலாப்பூர், தென்சென்னை

முன்னுரை

சென்னையின் அடுக்கக வீடுகளின் வரவேற்பறையில் நீர் நிரப்பி மலரிதழ்களை மிதக்கவிட்ட வெண்கல உருளி இன்று இயல்பான காட்சி. பித்தளைத் தவலை செடித்தொட்டியாகிறது. ஊறுகாய்ப் பீங்கான் ஜாடி விளக்குத் தண்டாகிறது. அஞ்சறைப்பெட்டி அணிகலப் பெட்டியாகிறது. பழைய கதவு கண்ணாடி பதித்த மேசையாகிறது. இவற்றைச் செய்வோரும் வாங்குவோரும் 'பழமை' என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றின் மதிப்பைக் குறிக்கின்றனர். ஆயினும் அச்சொல் எவருடைய பழமை, எந்த ஊரின் பழமை என்னும் வினாக்களுக்கு விடை தருவதில்லை.

தமிழ்ச் சமூக வரலாற்று ஆய்வுகள் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அச்சு ஆவணம் ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொண்ட அளவிற்கு வீட்டுப் புழங்குபொருள்களைக் கொள்ளவில்லை. புழங்குபொருள் பற்றிய நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளும் பெரும்பாலும் பொருளின் வடிவம், பயன், பெயர் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. பயன் ஒழிந்தபின் அப்பொருளுக்கு வாய்க்கும் இரண்டாம் வாழ்வு போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவ்விரண்டாம் வாழ்வைத் தென்சென்னையை மையமாகக் கொண்டு ஆராய முற்படுகிறது.

1. படத்திற்குப் பட்டுடுத்துதல்

இரவி வர்மா 1894இல் மும்பையில் நிறுவிய கல்லச்சு அச்சகம், அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் மட்டுமே இருந்த தெய்வ ஓவியங்களை நடுத்தர வீடுகளின் பூசையறைக்குக் கொண்டுவந்தது. ஒரே அச்சிலிருந்து வெளிவந்த இலக்குமியும் சரசுவதியும் எண்ணற்ற வீடுகளில் ஒரே தோற்றத்துடன் அமர்ந்திருந்தனர். இந்த ஒருமையைக் கைவேலையால் மாற்றியவர்கள் பெண்கள். அச்சுப்படத்தில் தேவியின் சேலை தீட்டப்பட்டிருந்த பகுதியின் அளவிற்கு உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டினர். கரைப்பகுதியில் ஜரிகை இழையைத் தைத்தனர். அணிகலன்கள் இருந்த இடங்களில் ஜிகினாப் பொட்டுகளையும் சிறு மணிகளையும் பதித்தனர். முகமும் கைகளும் மட்டும் அச்சுத்தாளாகவே விடப்பட்டன. பின்னர் கண்ணாடியும் சட்டமும் இட்டுச் சுவரில் மாட்டினர். இத்தகைய படங்கள் செட்டிநாட்டு வீடுகளிலும் சென்னையின் பழைய வீடுகளிலும் இன்றும் காணப்படுகின்றன.

இவ்வேலைக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருந்தது. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் புடைப்பு எழுப்பி, கண்ணாடிக் கற்களையும் பொன்தகட்டையும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவிய மரபே அது. ஓவியத்தைத் தொட்டுணரத்தக்க பொருளாக்கும் இம்மரபை, தொழிற்கலைஞர் உதவியின்றி, மலிவான அச்சுத்தாளின்மீது வீட்டிற்குள்ளேயே பெண்கள் நிகழ்த்தினர். இதற்குப் புதிய பட்டு தேவைப்படவில்லை. கிழிந்த சேலையின் முந்தானைத் துண்டோ குழந்தைக்குச் சிறிதாகிவிட்ட பாவாடையின் மிச்சமோ போதுமானதாக இருந்தது. ஆகவே படத்திலிருந்த தேவி அவ்வீட்டுப் பெண் ஒருத்தியின் சேலையை உடுத்தவளானாள். அச்சகத்திலிருந்து வந்த பொதுப்பொருள் குடும்பத்தின் தனிப்பொருளாக மாறியது இவ்வாறுதான்.

உடைந்த கண்ணாடி வளையல்களை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகும்போது முனைகளை வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் வளையல் தோரணமும் இவ்வகையினதே. பாசிமணி கோத்த வாயில் திரை, பழைய சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை விரிப்பு ஆகியனவும் இதனோடு எண்ணத்தக்கவை. இவையனைத்திலும் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது செய்தவருக்கும் பார்ப்பவருக்கும் தெரிந்திருந்தது.

2. கொலு: ஆண்டுதோறும் திறக்கப்படும் காப்பகம்

தென்சென்னையில் இம்மரபு தொடர்ச்சியாக நிலைபெற்ற களம் நவராத்திரிக் கொலுவாகும். கொலு என்னும் சொல் அரசவையில் வீற்றிருத்தலைக் குறிக்கும். விசயநகர, நாயக்க, மராட்டிய அரசவைகளில் நிகழ்ந்த மகாநவமி விழாவின் மரபு வீட்டிற்குள் படிகளாகவும் பொம்மைகளாகவும் நிலைகொண்டது. படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைதல் வழக்கம். ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றேனும் சேர்க்கப்பட வேண்டும் என்பதும் வழக்கம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் கூடும் பொம்மைக் கடைகள் இத்தேவையை நிறைவுசெய்கின்றன. புரசைவாக்கத்தை அடுத்த கொசப்பேட்டைக் குயவர்களும், பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி ஆகிய ஊர்க் கைவினைஞர்களும் இப்பொம்மைகளை உருவாக்கி வருபவர்கள்.

புதிய பொம்மை சேர்க்கும் வழக்கமே பெரிதும் பேசப்படுகிறது. பழையவற்றைத் திரும்ப எடுக்கும் வழக்கம் அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. கொலுவின் முதன்மைப் பொம்மைகளான மரப்பாச்சி இணை, செம்மரத்தாலோ கருங்காலியாலோ கடையப்பட்டு, திருமணத்தின்போது மணமகளுக்குச் சீராகத் தரப்படுவது. கொலுவில் அதற்கு ஆண்டுதோறும் புதிய உடை உடுத்தப்படுகிறது. அவ்வுடை பெரும்பாலும் பழைய பட்டுத்துணியின் துண்டிலிருந்தே தைக்கப்படுகிறது. மரப்பாச்சி மாறுவதில்லை, அதன் உடை மாறுகிறது. எனவே பாட்டியின் சீராக வந்த மரப்பாச்சியைப் பேத்தி தன் குழந்தைப்பருவப் பாவாடைத் துண்டால் அலங்கரிக்க முடிகிறது. மூன்று தலைமுறையின் பொருள்கள் ஒரே உருவில் சேர்கின்றன.

படிகளின் பக்கத்தில் அமைக்கப்படும் 'பூங்கா' மறுஆக்கத்திற்கு மேலும் இடமளிக்கிறது. தட்டில் மண் பரப்பிக் கடுகையோ கேழ்வரகையோ முளைக்கவிட்டு வயலாக்குகின்றனர். இரசம்போன கண்ணாடித் துண்டு குளமாகிறது; தீப்பெட்டிகள் வீடுகளாகின்றன; மரச்சொப்புகளும் பித்தளைச் சொப்புகளும் கடைவீதியாகின்றன. வீட்டில் வேறெங்கும் இடமற்றுப்போன பொருளுக்கு ஆண்டில் ஒன்பது நாள் இடம் கிடைக்கிறது.

விசயதசமியன்று இரவு பொம்மைகளைப் படுக்கவைத்து, பின்னர் பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பரணில் ஏற்றுகின்றனர். அடுத்த ஆண்டு பிரிக்கும்போது ஒவ்வொரு பொம்மையும் எவர் வாங்கியது, எந்தப் பயணத்தில் வந்தது, எந்த ஆண்டு கை உடைந்து ஒட்டப்பட்டது என்பன மீண்டும் சொல்லப்படுகின்றன. கொலு பார்க்க வருவோரிடமும் அச்செய்திகள் பகிரப்படுகின்றன. காப்பக இயலின் சொற்களில் கூறுவதாயின், கொலு ஒரு சேகரிப்பு மட்டுமன்று. ஆண்டுதோறும் வாய்மொழியாகப் புதுப்பிக்கப்படும் பொருள்பட்டியலும் ஆகும். பட்டியல் இன்றேல் சேகரிப்புக் குவியலாகிவிடும் என்பதை இவ்வழக்கம் நடைமுறையில் உணர்த்துகிறது.

3. பெயர் வெட்டுதல்: எழுத்துச் சான்று

வாய்மொழிக்கு இணையாக எழுத்துச் சான்றும் வீட்டுப்பொருள்களில் உண்டு. பாத்திரம் வாங்கியவுடன் அதன் விளிம்பிலோ கழுத்திலோ அடிப்புறத்திலோ உரியவரின் பெயரைப் பொறிக்கச் செய்தல் தமிழகம் முழுவதும் நிலவும் வழக்கம். இதனை மக்கள் 'பெயர் வெட்டுதல்' என்பர். சிற்றுளியின் முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, புள்ளிகளின் தொடராக எழுத்தை அமைப்பது பழைய முறை. மின்விசையால் அதிரும் எழுதுகோல் பின்னர் வந்தது. தியாகராய நகர்ப் பாத்திரக் கடைகளில் விற்பனையோடு இப்பணியும் சேர்ந்தே நடைபெறுவதுண்டு.

வெட்டப்படும் வாசகம் மிகச் சுருக்கமானது. தலைப்பெழுத்துகளும் பெயரும் குறைந்தபட்சமாக இருக்கும். சிலவற்றில் ஊர்ப்பெயரும், திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வும், நாளோ ஆண்டோ இடம்பெறும். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் சேர்ந்து வருவதும் உண்டு. இவ்வாசகங்கள் சமூக வரலாற்றுக்கு மூன்று வகையில் பயன்படுவன.

முதலாவது, பெண்களின் உடைமை. நிலப்பத்திரங்களிலும் வரி ஆவணங்களிலும் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் சீர்ப்பாத்திரங்களில் இடம்பெறுகின்றன. பல குடும்பங்களில் ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் நிலைத்திருக்கும் மிகப் பழைய இடம் அவளுடைய தாம்பாளமாகவோ குடமாகவோ இருக்கக்கூடும். இரண்டாவது, இடப்பெயர்வு. மயிலாப்பூர் வீட்டிலுள்ள அண்டாவில் கும்பகோணம் அல்லது திருநெல்வேலி வட்டாரச் சிற்றூர் ஒன்றின் பெயர் இருக்குமாயின், அது அக்குடும்பம் பெருநகருக்கு வந்த வழியைச் சுட்டும். மூன்றாவது, உறவுமுறை. எந்த நிகழ்விற்கு எவர் எதனைத் தந்தார் என்பது உறவுக் கடப்பாடுகளின் பதிவாகும்.

அளவைக் கலன்களும் இங்குக் கருதத்தக்கவை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்னும் வாய்பாடு வீட்டு நிருவாகத்தின் அடிப்படையாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்தைத் தொடர்ந்து பதின்ம அளவை முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், படியும் மரக்காலும் வணிகத்திலிருந்து நீங்கின. சட்டத்தால் பயனிழந்தும் சடங்கில் நெல் நிரப்பி வைக்கும் மங்கலக் கலனாக அவை தொடர்ந்தன. இன்று பித்தளைப் பூண் இட்ட மரப்படிகள் எழுதுகோல் தாங்கிகளாக விற்கப்படுகின்றன. ஒரே கலன் அளவையாகவும் சடங்குப் பொருளாகவும் அலங்காரமாகவும் வாழ்ந்த வரலாற்றை, வாங்குபவர் அதன் வடிவிலிருந்து மட்டும் அறிய இயலாது.

4. வெளியேற்றம்: பித்தளையும் பட்டும் போன வழி

இத்துணைச் சான்றுகள் கொண்ட பொருள்கள் வீடுகளிலிருந்து வெளியேறியது எவ்வாறு? 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவர்சில்வர் எனப்பட்ட துருவேறா எஃகுப் பாத்திரங்கள் தமிழ் வீடுகளில் பரவின. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூச வேண்டும். புளியிட்டுத் துலக்க வேண்டும். எவர்சில்வருக்கு இவ்விரண்டும் தேவையில்லை. விறகடுப்பின் குழிவில் பொருந்திய உருண்டை அடிப் பானை எரிவாயு அடுப்பின்மேல் நிலையாக நிற்கவில்லை. நீர் சுமக்கும் பணியைப் பித்தளைக் குடத்திடமிருந்து நெகிழிக்குடம் எடுத்துக்கொண்டது. இம்மாற்றத்தைப் பண்பாட்டுச் சீரழிவென்று மட்டும் மதிப்பிடுதல் பிழை. துலக்குதலும் சுமத்தலும் பெண்களின் உழைப்பும் வீட்டுப் பணியாளரின் உழைப்பும் ஆதலின், அச்சுமை குறைந்ததை அவர்கள் வரவேற்றமை இயல்பே.

பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு எவர்சில்வர் தரும் கடைகளும், பழைய துணிக்குப் பாத்திரம் தரும் தெரு வணிகரும் இம்மாற்றத்தின் இடையாளர்கள். அசல் ஜரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. எனவே பழைய பட்டுச்சேலைகளை வாங்குவோர் அவற்றை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். உலோகமும் வெள்ளியும் எடையாக மீண்டன. பெயரும் நெசவும் மீளவில்லை. சென்னை வழக்கில் 'காயலான் கடை' எனப்படும் பழைய பொருள் கடைகள் இச்சுழற்சியின் மற்றொரு கண்ணி. அப்பெயரைக் காயல்பட்டின வணிகரோடு தொடர்புபடுத்திக் கூறுவர். மத்திய சென்னையில் 1900இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும்வரை, பழைய பொருள்கள் உருக்காலைக்குப் போகாமல் மற்றொரு வீட்டிற்குப் போகும் வாய்ப்பைத் தந்த முதன்மைச் சந்தையாக இருந்தது.

அடுத்து வெளியேறியது வீட்டின் உடலே. மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டு 1920களில் உருவான தியாகராய நகரின் தனிவீடுகளும், மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய திண்ணை வீடுகளும், லஸ் பகுதியின் தோட்ட வீடுகளும் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அடுக்ககங்களுக்கு வழிவிட்டன. 1994இல் தமிழ்நாடு அடுக்கக உடைமைச் சட்டம் இயற்றப்பட்டமை இம்மாற்றத்தின் பரப்பை உணர்த்தும். இடிக்கப்பட்ட வீட்டின் பர்மாத் தேக்குத் தூண், உத்திரம், நிலை, கதவு ஆகியன பழைய மரக்கடைகளுக்குச் சென்றன. முற்றமும் பரணும் இல்லாத புதிய வீட்டில் அண்டாவிற்கும் ஆட்டுக்கல்லிற்கும் இடமில்லாமற்போயிற்று. இன்றைய அலங்காரச் சந்தை இந்த வெளியேற்றத்தின் எச்சங்களிலிருந்தே எழுந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளும் இச்சந்தைக்குப் பொருள் வழங்கும் ஊற்றாயின.

5. நிறுவனங்களின் மாற்றுவழிகள்

பழையதை எவ்வாறு கையாள்வது என்னும் வினாவிற்குத் தென்சென்னையிலும் அதன் அண்மையிலும் இரு நிறுவனங்கள் வெவ்வேறு விடைகள் தந்துள்ளன. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் தொடங்கிய கலாசேத்திரா, அடுத்த ஆண்டே நெசவுப் பிரிவையும் தொடங்கியது. அங்குப் பழைய சேலைகளின் கரை, உடல், வண்ணச் சேர்க்கை ஆகியன புதிய நெசவுக்கு முன்மாதிரிகளாயின. பழைய துணியை வெட்டாமல் அதன் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி இது. அந்த அறிவு நெசவாளர் கையில் தொடர்ந்தது.

இரண்டாவது விடை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் முன்னின்று உருவாக்கிய இக்காட்சிக்கூடத்தில், இடிபடவிருந்த பழைய வீடுகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இடம்பெயர்த்து மீண்டும் எழுப்பப்பட்டன. இங்குக் கதவு கதவாகவே இருக்கிறது. அது எந்த ஊரின், எவ்வகை வீட்டினுடையது என்பதும் உடன் சொல்லப்படுகிறது. கொலுவில் குடும்பம் வாய்மொழியாகச் செய்வதை இந்நிறுவனம் எழுத்தில் செய்கிறது.

எனினும் எல்லாப் பொருளும் அருங்காட்சியகம் சேர இயலாது. சட்டமும் இங்குத் துணையாகாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் பொதுவாக நூறாண்டு நிறைந்த பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கு எல்லை எழுபத்தைந்து ஆண்டு. 1940ஆம் ஆண்டுத் திருமணம் ஒன்றில் பெயர் வெட்டித் தரப்பட்ட தவலை அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. அதனைக் காப்பதும் அழிப்பதும் உடையவர் கையிலும் மறுஆக்கம் செய்பவர் கையிலுமே உள்ளன.

6. சந்தைவழி மறுஆக்கமும் இழப்பும்

சந்தைவழி மறுஆக்கத்தைப் பழித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. உருக்காலைக்குச் செல்லவிருந்த உருளி வரவேற்பறையில் நிற்பது ஒருவகைப் பிழைத்தலே. இவ்வேலை கைவினைஞர் பலருக்கும் வீட்டிலிருந்தே தொழில்செய்யும் பெண்களுக்கும் வருவாய் தருகிறது. இடர் வேறிடத்தில் உள்ளது. வாங்கிய பாத்திரத்தைப் பளபளப்பாக்க இயந்திரச் சக்கரத்தில் தேய்க்கும்போது மென்புள்ளிகளாலான பெயர் முதலில் மங்கிப் பின் மறைகிறது. பிறர் பெயர் தெரிதல் விற்பனைக்குத் தடையென்று கருதி வேண்டுமென்றே தேய்ப்பதும் உண்டு. செடித்தொட்டிக்காக அடியில் துளையிடும்போது அடிப்புற வாசகம் சிதைகிறது. கதவை மேசையாக அறுக்கும்போது நிலைக்கும் கதவுக்கும் இருந்த தொடர்பு அறுகிறது.

இதன் விளைவு முரணானது. 'பழமை' என்னும் மதிப்பிற்காக வாங்கப்படும் பொருளிலிருந்து, அப்பழமைக்குச் சான்றான பகுதியே முதலில் நீக்கப்படுகிறது. எஞ்சுவது எவருக்கும் உரியதாகத் தோன்றும் பொதுவான பழந்தோற்றம். இரவி வர்மா அச்சுப்படத்தில் பெண்கள் செய்ததற்கு இது நேர்மாறானது: அங்குப் பொதுப்பொருள் தனிப்பொருளாயிற்று, இங்குத் தனிப்பொருள் பொதுப்பொருளாகிறது.

இம்மரபு அனைவர்க்கும் ஒரேவகையாக வாய்க்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. பரணும் சீர்வரிசையும் உடைய குடும்பங்களின் பொருள்களே இன்று பழம்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. அவற்றைத் துலக்கியோர், ஈயம் பூசியோர், எடைக்கு வாங்கிச் சுமந்தோர் ஆகியோரின் வீடுகளில் சேமித்துவைக்கும் அளவிற்கு உலோகம் இருந்ததில்லை. பாத்திரத்தில் உடையவரின் பெயர் உண்டு. வார்த்தவரின் பெயரோ வெட்டியவரின் பெயரோ இல்லை. பொருளின் வரலாற்றை எழுதுவோர் இவ்வெற்றிடத்தையும் சான்றாகவே கொள்ளவேண்டும்.

முடிவுரை

தென்சென்னையில் பழம்பொருள் மறுஆக்கம் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதல்நிலையில் வீட்டுப் பெண்கள் பழைய துணியையும் மணியையும் கொண்டு புதிய பொருளைத் தம் குடும்பத்திற்குரியதாக்கினர். இரண்டாம் நிலையில் பண்டமாற்றும் இடிப்பும் வீட்டுப்பொருள்களை எடைக்கு வெளியேற்றின. மூன்றாம் நிலையில் எஞ்சியவை அலங்காரமாகத் திரும்பின. முதல்நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் கைத்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. பொருளோடு அதன் செய்தியும் கைமாறுகிறதா என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

இதனைச் சீர்செய்யப் பெருமுயற்சி தேவையில்லை. மறுஆக்கத்திற்கு முன் பொருளை அனைத்துப் பக்கங்களிலும் படமெடுத்தல், வெட்டிய வாசகத்தை உள்ளவாறே படியெடுத்தல், பெற்ற ஊரையும் வீட்டின் வகையையும் குறித்தல், பெயருள்ள இடத்தைத் தேய்க்காதும் துளையிடாதும் விடுதல், மீண்டும் பிரிக்கத்தக்க இணைப்புகளையே பயன்படுத்தல் ஆகியன போதுமானவை. அக்குறிப்பு பொருளோடு சேர்த்தே கைமாற வேண்டும். தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் வட்டாரந்தோறும் பாத்திர வாசகங்களைத் தொகுப்பின், பெண்களின் உடைமை, குடும்பங்களின் இடப்பெயர்வு ஆகியவை குறித்த புதிய சான்றுத்தொகுதி கிட்டும். கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்தவற்றைப் படிக்கக் கற்ற துறைக்குத் தவலையின் கழுத்தில் பொறித்ததைப் படித்தல் அரிதன்று. அடுத்த துலக்கலுக்குமுன் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.